ஒன்பது நாளில் எவ்வளவு முடி வளரும்

கடலைக் கண்டு எனக்குப் பயமில்லை. இதை இப்போது சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. ஏரி நிரம்பினாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கும் புத்தூர்ப் பக்கத்தில் பிறந்து, இருபது வயதில் தன்னந்தனியாக மலேயாவுக்குக் கப்பல் ஏறியவள் கடலுக்குப் பயப்படவில்லை என்றால் புளுகு என்றுதான் நினைப்பார்கள். உண்மை என்னவென்றால், கடலைப் பார்க்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஒன்பது நாளும் நான் பயந்து செத்தது என் தலையை நினைத்து. என் தலையில் முடி இல்லை. என் பாஸ்போர்ட்டில் இருந்த படத்திலோ கை மொத்தத்துக்கு ஒரு பின்னல் தோளில் கிடந்தது.

அந்தப் படத்தைத் திருப்பதியில், ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஸ்டூடியோவில் எடுத்தோம். முகம் தெளிவாக விழுந்தால் போதும் என்று படம் பிடிப்பவர் சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. பின்னலை முன்பக்கம் இழுத்துப் போட்டு, அதில் கனகாம்பரம் சுற்றி, எனக்கு முடி இருக்கிறது என்பது வெள்ளைக்காரனுக்கும் தெரியட்டும் என்று சொல்லி எடுக்க வைத்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அம்மாவிடம் பிற்பாடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்திருந்தது நாற்பது நாள். அதன்பின் அவர் பினாங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தான் பார்த்த கிராணி வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவை அங்கே கிராணி என்பார்கள். அந்த நாற்பது நாளில் நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தது நாலைந்து தடவை இருக்கலாம். நகரியில் அவர்கள் வீடு, வீடு நிறைய ஆட்கள், எனக்குப் பதினேழு வயது, வெட்கம் வேறு.

மலேயாவில் சட்டம் மாறிவிட்டது. முன்போல யார் வேண்டுமானாலும் போய் இறங்க முடியாது. அங்கே வேலையில் இருப்பவரின் பெண்டாட்டி, பிள்ளை என்றால் விடுவார்கள். அவர் அங்கிருந்து எழுதிக் கேட்டு, அனுமதிக் காகிதம் வரவேண்டும். அது வருவதற்குள் எங்கள் ஜில்லாவே இடம் மாறிவிட்டது. ஆந்திரா தனியாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போனது. எங்கள் பக்கத்துத் தமிழர்கள் மெட்ராசோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனார்கள், தெலுங்கர்கள் அவர்கள் பங்குக்குப் போனார்கள். நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, இரண்டிலும் மனம் போகவில்லை. என் காகிதத்தைக் கேட்டு மெட்ராசுக்குப் போனால், இனிமேல் ஆந்திராவின் புதுத் தலைநகர் கர்னூலில் கேளுங்கள் என்றார்கள். கர்னூலுக்குப் போனால், பழைய தஸ்தாவேஜு மெட்ராசில்தானே இருக்கிறது என்றார்கள். இப்படி இரண்டு வருஷம் இழுத்தது.

அதற்குள் நகரியில் மாமியார் வாய் சும்மா இருக்கவில்லை. சமைத்துப் போட ஆளில்லாமல் என் மகன் எத்தனை நாளைக்கு இருப்பான், அங்கேயே ஒன்றைப் பார்த்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா திருமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, காகிதம் கைக்கு வந்துவிட்டால் முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். தன் முடியை அல்ல, என் முடியை.

காகிதம் வந்தது. கப்பலுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வேண்டுதலைத் தீர்க்காமல் கடல் ஏறக்கூடாது என்று அம்மா நின்ற நிலையில் என்னைத் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மலைக்குப் போய், வரிசையில் உட்கார்ந்து, குனிந்து, நிமிர்ந்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. தலையில் சந்தனம் பூசினார்கள். குளுகுளுவென்று நன்றாகத்தான் இருந்தது. இறங்கிவந்த பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை, அதில் பெண்கள் பலர். எங்கள் பக்கத்தில் மொட்டையடித்த பெண்ணைப் பார்த்தால் மலையில் கூட்டம் எப்படி என்று கேட்பார்கள், அவ்வளவுதான். அதனால்தான் பாஸ்போர்ட் படம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்கு வரவில்லை, இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த நைனாவுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்திருக்க முடியாத முட்டாள்தனம் அது.

மெட்ராஸ் துறைமுகத்தில் நைனா என்னை ராணிப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்தார். கப்பல் நகர்ந்து ஒரு மணி நேரத்தில் படுத்தவர் பினாங்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நான்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நாங்கள் டெக் பிரயாணிகள். டெக் என்றால் கப்பலின் திறந்த தளம். அறை கிடையாது, கட்டில் கிடையாது. மேலே படுதா கட்டியிருந்தார்கள். அதன் கீழே அவரவர் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்தால் அதுதான் வீடு. காலையில் குழாயில் நல்ல தண்ணீர் ஒரு மணி நேரம் வரும். பிறகு சாயங்காலம்தான். குளிப்பதெல்லாம் உப்புத் தண்ணீரில், சோப்பு நுரைக்காது, உடம்பு பிசுபிசுவென்றே இருக்கும். கழிப்பறைக்கு விடிந்ததிலிருந்து வரிசை. பத்து மணிக்கு மணி அடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். பண்டாரி என்று அழைக்கப்பட்ட சமையற்காரர் சோற்றை அள்ளிப் போட்டு, அதன்மேல் பருப்போ கருவாட்டுக் குழம்போ ஊற்றுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடியும் அதே. நடுவில் செய்ய எதுவும் இல்லை. இயந்திரம் ஓடுகிற அதிர்வு பாய் வழியாக முதுகில் ஏறிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு மேல்தட்டில் அறை எடுத்தவர்கள் கம்பியில் சாய்ந்து, நாங்கள் சாப்பிடுவதை வேடிக்கை பார்ப்பார்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் நின்று வெங்காய மூட்டை ஏற்றியது. ஆட்களும் ஏறினார்கள். நாற்பது வயது இருக்கும் ஒரு அம்மாள் என் பாய்க்குப் பக்கத்தில் தன் பாயைத் தட்டி விரித்தாள். மலேயாவில் ஈப்போ என்ற ஊரில் அவள் புருஷனுக்கு மளிகைக் கடை. நாலாவது தடவை கடல் தாண்டுகிறாளாம். அவளை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தேன். உட்கார்ந்ததும் என் தலையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள். குரலை இறக்கி, எப்போது ஆயிற்று என்று கேட்டாள். முடி இறக்கியதைக் கேட்கிறாள் என்று நினைத்து, நாலு நாள் ஆகிறது என்றேன். அவள் மார்பில் கைவைத்துக்கொண்டாள். நாலு நாளில் கப்பல் ஏறிவிட்டாயா, தாலியைக்கூட இன்னும் எடுக்கவில்லையே என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார், அவரிடம்தான் போகிறேன் என்று டெக் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். திருப்பதி என்று சொன்னதும் அவளுக்கு விளங்கியது, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் அவர்கள் பக்கத்தில் ஆண்களும் குழந்தைகளும் முடி இறக்குவார்களாம், வயசுப் பெண்ணுக்கு யாரும் இப்படிச் செய்ய மாட்டார்களாம், நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூ முடி என்று கொடுத்தால் போதுமாம். உங்கள் ஊரில் எல்லாரும் தெலுங்கர்களா என்று கேட்டாள். ஊரில் தெலுங்கர்கள் எங்களை அரவம், அதாவது தமிழ் என்பார்கள், இங்கே தமிழர்கள் தெலுங்கு என்கிறார்கள். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். நாகப்பட்டினம் தாண்டியபின் தினமும் டெக் பிரயாணிகளை வரிசையில் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். நாக்கை நீட்டச் சொல்வார், அம்மை குத்திய தழும்பைப் பார்ப்பார், அடுத்த ஆள். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், தமிழ் பேசுவார். என் முன்னால் வந்ததும் நின்றார். டைபாய்டு ஜுரம் வந்து முடியை எடுத்தார்களா என்று கேட்டார். அக்காதான் என் பின்னாலிருந்து, திருப்பதி வேண்டுதல் என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, என் பாஸ்போர்ட்டை வாங்கித் திறந்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இது நீயா?"

"நான்தாங்க."

"எனக்கு ஜுரம் இல்லைன்னா போதும். அங்கே இறங்கும்போது இமிகிரேஷன்காரன் கேட்பான். அவனுக்குத் திருப்பதி தெரியாது. என்ன சொல்லப்போறே?"

பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். மிரட்டுவதற்காக அவர் சொல்லவில்லை, நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த நிமிஷம் பிடித்த பயம் பினாங்குவரை என்னை விடவில்லை. நான் படத்தை எடுத்துப் பார்த்தேன். கன்னம் உப்பி, பூ வைத்து, பின்னலோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெட்டியிலிருந்த கைக்கண்ணாடியில் பார்த்தேன். காது விரிந்து, கண் உள்ளே போய், மண்டை மாத்திரம் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு வருஷக் கவலையில் இளைத்தும் போயிருந்தேன். நானே அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தாலும் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட செய்தி டெக்கில் பரவ எவ்வளவு நேரமாகும். சாயங்காலச் சோற்றுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். போன கப்பலில் ஒருத்தியை இறங்கவே விடாமல் அதே கப்பலில் திருப்பி அனுப்பினார்கள் என்றார் ஒருவர். தங்கை பாஸ்போர்ட்டில் அக்காள் வந்து மாட்டிக்கொண்டாளாம், அதிலிருந்து படத்தை உற்று உற்றுப் பார்க்கிறார்களாம். நிஜமோ பொய்யோ, எனக்கு அது போதும். என் காகிதம் ஒரு தடவைக்குத்தான் செல்லும். திருப்பி அனுப்பினால் மறுபடியும் அவர் எழுதிக் கேட்டு, நைனா மெட்ராசுக்கும் கர்னூலுக்கும் நடந்து, இன்னும் இரண்டு வருஷம். அதுவரைக்கும் அவர் காத்திருப்பாரா. மாமியார் காத்திருக்க விடுவாளா. நாற்பது நாள் பார்த்த பெண்ணுக்காக யார் ஐந்து வருஷம் காத்திருப்பார்கள் என்று நானே அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டு யோசித்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை, தலையைத் தடவிப் பார்ப்பது. சொரசொரவென்று இருக்கும், அவ்வளவுதான். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பேன். வெயில் பட்டால் சீக்கிரம் வளரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படுதாவுக்கு வெளியே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். தோல் உரிந்ததுதான் மிச்சம். மற்றவர்கள் சீட்டாடினார்கள், பேன் பார்த்தார்கள், பறக்கும் மீனைக் காட்டிக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. கப்பல் தாமதமாகட்டும் என்று வேண்டுவேன். உடனே, தாமதமானால் அவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாரே என்று அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். முடி கொடுத்த ஒரே வாரத்தில் அதைத் திருப்பிக் கொடு என்று அதே சாமியிடம் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் சங்கு ஊதியது. விட்டு விட்டு, நிற்காமல் ஊதியது. கப்பல்காரர்கள் தடதடவென்று ஓடினார்கள், மிதவைச் சட்டைகளை வீசினார்கள். கப்பல் முழுகுகிறது என்று நினைத்தேன். எல்லாரும் பிள்ளைகளைத் தேடி ஓட, நான் மிதவைச் சட்டையை விட்டுவிட்டு அனுமதிக் காகிதத்தை ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு நின்றேன். பிறகுதான் தெரிந்தது, அது வெறும் பயிற்சியாம், ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவை செய்வார்களாம். எல்லாரும் சிரித்துக்கொண்டே பாய்க்குத் திரும்பினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முழுகியிருந்தால் அந்த மேஜைக்கு முன்னால் நிற்கவேண்டாம் என்று ஒரு கணம் நிம்மதிப்பட்டிருந்தேன். அதை நினைத்து அப்புறம் இன்னும் பயந்தேன்.

ஆறாம் நாள் அக்கா தன் பெட்டியைத் திறந்து ஒரு சவுரி முடியை வெளியே எடுத்தாள். நல்ல நீளம், பின்னலாகவே போட்டு வைத்திருந்தாள். இதை வைத்துச் சமாளிக்கலாம் என்றாள். சவுரியை முடியோடுதான் சேர்த்துப் பின்ன முடியும், மொட்டைத் தலையில் எதோடு பின்னுவது. அதற்கும் வழி கண்டுபிடித்தாள். கறுப்புத் துணியைக் கிழித்துத் தலைக்குப் பட்டை தைத்தாள், பட்டையின் பின்பக்கத்தில் சவுரியைத் தைத்தாள். பட்டையைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் முக்காடு போட்டு, முக்காட்டுக்குக் கீழே பின்னலை முன்னால் இழுத்துவிட்டால் படத்தில் இருப்பதுபோலவே தெரியும். முக்காட்டுக்கும் நெற்றிக்கும் நடுவே வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் கண்மையைத் தடவி முடி வரைந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து, இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று யோசனை சொன்னார்கள். மூன்று நாளும் எனக்கு ஒத்திகை நடந்தது. கல்யாணத்தில்கூட என்னை இவ்வளவு பேர் சேர்ந்து அலங்கரிக்கவில்லை.

இது தப்பு என்று என் மனதுக்குத் தெரியாமல் இல்லை. மொட்டையாகப் போய் உண்மையைச் சொன்னால் நம்பாமல் போகலாம். வேஷம் போட்டு மாட்டினால் நம்பவே முடியாது. ஆனால் பயந்தவளுக்கு யாராவது கையைப் பிடித்து இழுத்தால் போதும், எங்கே என்று கேட்க மாட்டாள். நானும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் பினாங்கு தெரிந்தது. பச்சை மலை, அதன் கீழே வெள்ளைக் கட்டடங்கள். எல்லாரும் கம்பியோரம் போய் நின்றார்கள். நான் பாயில் உட்கார்ந்து அக்காவிடம் நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தேன். படகில் ஏற்றி, கரையில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே அனல். வரிசை நகரவேயில்லை. அந்தக் கோடியில் இரும்புக் கம்பிக்கு அப்பால் அழைத்துப்போக வந்தவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் அவர் யார் என்று தேடினேன். வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்துச் சீவிய தலையுமாக இருபது பேர் இருந்தார்கள். யாரைப் பார்த்தாலும் அவராகவும் தெரிந்தது, அவர் இல்லை என்றும் தெரிந்தது.

மேஜையில் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். அக்கா எனக்கு முன்னால் போய்விட்டாள். என் முறை வந்தது. எந்த ஊர் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். புத்தூர், ஆந்திரா என்றேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, இதில் மெட்ராஸ் என்று இருக்கிறதே என்றார். முதலில் மெட்ராஸ், இப்போது ஆந்திரா என்று சொல்ல ஆரம்பித்தேன். நான் சொல்லச் சொல்ல எனக்கே அது திருட்டுப் பேச்சு மாதிரி கேட்டது. நல்லவேளை, அவர் அதைப் பத்திரிகையில் படித்திருந்தார். வெள்ளைக்காரரிடம் ஏதோ விளக்கினார். அவரும் தலையாட்டினார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அப்போது வெள்ளைக்காரர் என் நெற்றியையே பார்க்க ஆரம்பித்தார்.

வியர்வையில் மை கரைந்து புருவத்துக்கு மேலே வழிந்துகொண்டிருந்தது. நான் புறங்கையால் துடைத்தேன். கையெல்லாம் கறுப்பு. அவர் ஏதோ சொன்னார். முக்காட்டை எடுக்கச் சொல்கிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர். நான் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை சொன்னார். முந்தானையை இழுத்தேன். பட்டையின் முடிச்சு அதில் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முக்காடு வந்தது, பட்டை வந்தது, பின்னல் வந்தது. மூன்றும் என் கையில் தொங்க, நான் மொட்டைத் தலையோடு அத்தனை பேருக்கும் நடுவில் நின்றேன்.

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். எதற்காக வேஷம், நீ யார், இந்தப் பெண் எங்கே என்று படத்தில் விரலை வைத்துக் கேட்டார். மொழிபெயர்ப்பாளரும் இப்போது என்னை வேறு மாதிரி பார்த்தார். "மலைக்குக் குடுத்துட்டேங்க" என்று சொன்னேன். எந்த மலைக்கு என்று கேட்டார். அதற்குமேல் எனக்குக் குரல் எழும்பவில்லை. திரும்பிப் போகிற கப்பலில் பண்டாரியிடம் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கப்போகிற என்னை நானே கண்ணெதிரே பார்த்தேன்.

புருஷன் வந்திருக்கிறாரா என்று கேட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கம்பிக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, மீசை இல்லாமல். கல்யாணத்தில் மீசை இருந்தது. கண்ணாடி இல்லை. முதலில் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் கேட்டார், இவர்தான் உன் புருஷனா. நான் தலையை ஆட்டினேன். பிறகு அவரிடம் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஊர்வலத்தில் வழி தவறியவனைப்போலத் திகைத்து நின்றார். பிறகு பார்வை மேலே ஏறி என் தலையில் நின்றது. அங்கேயே நின்றது.

"என் பெண்சாதிதான் சார். எங்க ஊர்ப் பக்கம் பொம்பளைங்களும் சாமிக்கு முடி குடுப்பாங்க. வேற எங்கயும் இந்த வழக்கம் இல்ல சார். எங்க ஊர்ல நீங்க எத்தினி பேர வேணா பாக்கலாம்."

நிச்சயமாகச் சொல்கிறாயா என்று வெள்ளைக்காரர் கேட்டார். நிச்சயம் என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். முத்திரை விழுந்தது. என் பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார். பின்னலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். வெளியே அக்கா நின்றிருந்தாள். சவுரியை அவளிடம் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, ஈப்போ பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. எதிரெதிரே உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். அவர் வெகுநேரம் இலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நைனா எப்படி இருக்கிறார், வழியில் வாந்தி எடுத்தாயா என்று கேட்டார். சொன்னேன். பிறகு தலை நிமிராமலே அவர் பேசினார்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. மொகத்த பாத்து எனக்குத் தெரில. அந்த போட்டோவ கைல குடுத்து தேடுன்னு சொல்லியிருந்தா, நீ என் எதிர்லயே நின்னாலும் தாண்டிப் போயிருப்பேன். மொட்டய பாத்துதான் ஆமான்னு சொன்னேன். நம்ம ஊர்க்காரிய தவிர எவ இப்படி மொட்ட போட்டுக்கினு கப்பல் ஏறுவா. அஞ்சாறு வருசமா இந்த ஊர்ல அப்படி ஒரு தலய பாக்கல. பாத்ததும் என்னமோ ஆயிடுச்சி."

எந்தத் தலைக்காக ஒன்பது நாளாக என் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேனோ, அதே தலைதான் என்னைக் கரையேற்றியது என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறொரு பயம் வந்தது. நம் ஊரிலிருந்து வேறொருத்தி மொட்டையோடு இறங்கியிருந்தால் என்று கேட்டேன்.

"அவளையும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். அவ்ளோ பயந்துக்கினு நிக்கிறவள திருப்பி அனுப்புங்கன்னு எப்படி சொல்றது."

பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று அப்போதே புரிந்துபோயிற்று. நானும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"எனக்கும் உங்கள அடையாளம் தெரில. கேட்டாங்கோ, தலய ஆட்டிட்டேன். இப்பவும் நிச்சயமா தெரில."

அவர் கை சோற்றிலேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள் கண் இரண்டும் அகன்றுபோயிருந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்து, என்ன சொல்வது, எதைச் சொன்னால் நான் நம்புவேன் என்று தெரியாமல் மறுபடியும் மூடிக்கொண்டார். ஒன்பது நாளாக என் முகத்தில் மட்டுமே இருந்த பயத்தை அன்றுதான் இன்னொருவர் முகத்தில் பார்த்தேன். கப்பல் ஏறியதற்குப் பிறகு முதல்முறையாக எனக்கு நன்றாகப் பசித்தது. கடைக்காரரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.